சாய்ந்த சுமைதாங்கியை மறுபடி நிமிர்த்தினோம்

குறுக்குக்கல் வாய்க்காலில் குப்புறக் கிடந்தது. அதைத் தாங்கி நின்ற இரண்டு கால்களில் ஒன்று நேராக நின்றது, இன்னொன்று வயல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்து மண்ணில் பெரிய டயர்த் தடம். ராத்திரியில் ஏதோ ஒரு டிப்பர் லாரி பின்னால் எடுக்கும்போது இடித்திருக்கிறது. யாருடைய வண்டி என்று நாங்கள் தேடிக்கொண்டு போகவில்லை. கல்லைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து வாரச் சந்தைக்குப் போகும் பழைய பாதை அது. இப்போது தார் ரோடு. சின்ன வயதில் அந்தக் கல்மேல் ஏறி உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். அதில் எழுத்து இருக்கிறது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. அத்தனை சுண்ணாம்பு, அத்தனை பெயிண்ட், அதன்மேல் போஸ்டர்.

சுமைதாங்கி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு நீளக் கல். அவ்வளவுதான் அமைப்பு. தலையில் நெல் மூட்டையோ விறகுக் கட்டோ வைத்து நடந்து வருகிறவர், கீழே இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாக வருகிறவருக்கு அது முடியாது. குறுக்குக்கல் தலைக்குக் கொஞ்சம் கீழான உயரத்தில் இருப்பதால், முழங்காலை லேசாக மடக்கி, சுமையை அப்படியே கல்லின்மேல் நகர்த்தி வைத்துவிடலாம். இளைப்பாறிய பிறகு அதே மாதிரி தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். யாருடைய கையும் தேவையில்லை.

இதை வழிப்போக்கருக்கான தர்மமாக வைத்தவர்கள் பலர். ஆனால் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பதுதான் ஊர் ஊராகச் சொல்லப்படும் வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமை அது. அதற்குப் பதிலாக வழியில் போகிற நாலு பேர் தங்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று வீட்டார் கல் நடுவார்கள். எங்கள் கல்லும் அப்படி வைத்ததுதான் என்று எண்பது வயதைத் தாண்டிய ஓர் அப்பத்தா சொன்னார். "தம்பி, நாங்க சின்னப் பிள்ளையா இருக்கயில அதுல வெள்ளிக்கிழமை மஞ்சத் தண்ணி தெளிப்பாக. வெறுங்கல்லுன்னு நெனச்சிராதிய" என்றார்.

விழுந்த வாரத்திலேயே யோசனைகள் வர ஆரம்பித்தன. கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார்கள். பாலிஷ் போட்ட புதுக் கருங்கல்லில் அழகாகச் செய்துவிடலாம் என்றார்கள். நின்ற இடத்திலேயே கீழே கான்கிரீட் போட்டு, சிமெண்ட் பூசி, மஞ்சள் பெயிண்ட் அடித்தால் நூறு வருடம் நிற்கும் என்றார் ஒருவர். எல்லாம் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கோயில் வாசலுக்கு யாரும் தலைச்சுமையோடு வருவதில்லை. ஊருக்கும் சந்தைக்கும் நடுவில், வெயில் உறைக்கும் இடத்தில், கிட்டத்தட்டப் பாதி வழியில் அது நட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இடத்தை மாற்றினால் கல்லில் பாதிச் செய்தி போய்விடும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டப்படியும் நம் இஷ்டத்துக்கு நகர்த்திவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு வருடம் கடந்த கல்வெட்டையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள்தான் வைக்கிறது. அதனால் முதல் வேலையாக, பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இது இருக்கிறதா என்று விசாரித்தோம். இல்லை. பிறகு ஊராட்சியில் தீர்மானம், ரோட்டோரம் பள்ளம் தோண்டச் சாலைத் துறையின் கடிதம். இரண்டும் கைக்கு வர மாசி முடிந்துவிட்டது. தாமதம் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மண் காய்ந்துவிட்டது, படிக்கவும் எங்களுக்கு நேரம் கிடைத்தது.

எழுத்தைப் படித்தது

கல்லை எடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தோம், பக்கத்தில் அளவு டேப்பை வைத்து. எந்தக் கால் எந்தப் பக்கம், எந்த முகம் ரோட்டைப் பார்த்தது, சாய்வு எத்தனை என்பதை நோட்டில் வரைந்தோம். சாக்பீஸால்கூடக் கல்லில் குறியிடவில்லை, துணிக் கயிற்றில் அட்டை கட்டிவிட்டோம்.

ஆறு பேர் கடப்பாரையும் மரக்கட்டையும் வைத்து நெம்பி, குறுக்குக்கல்லை வாய்க்காலிலிருந்து கரைக்கு உருட்டினோம். ஆறடி நீளம், பத்து அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். ஒரு கன அடி கருங்கல் 75 கிலோவுக்கு மேல் வரும் என்ற கணக்கில் அது மட்டும் சுமார் 250 கிலோ. கால்கள் இரண்டும் ஏறக்குறைய அதே அளவு.

ரோட்டைப் பார்க்கும் முகத்தில்தான் எழுத்து. போஸ்டர் தண்ணீரில் ஊறி வந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சுகளை ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவிட்டு, மரச் சில்லால் சுரண்டினோம். அதற்குக் கீழே நீல எனாமல் பெயிண்ட். இதுதான் பாடாய்ப் படுத்தியது. முதல் நாள் அவசரத்தில் ஒரு பையன் கம்பி பிரஷ்ஷை எடுத்து ஓர் ஓரத்தில் தேய்த்துவிட்டான். கையால் பிடித்து நிறுத்துவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. எழுத்து இல்லாத இடம் என்பதால் தப்பித்தது. ஆனாலும் அந்தக் கீறல் இனி அங்கேதான் இருக்கும். எந்த பிரஷ் என்று வேலை தொடங்கும் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆசிட் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று வந்துபோனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கருங்கல்லில் இரும்பு கலந்த கருப்புத் துகள்கள் இருக்கின்றன. ஆசிட் அவற்றைக் கரைத்தால் பிறகு துருக்கறை கசியும். மணலைப் பீய்ச்சி அடிப்பது அதைவிட மோசம், எழுத்தின் விளிம்பையே தின்றுவிடும். நாங்கள் பெயிண்ட் இளக்கும் ஜெல்லைச் சின்னச் சின்னப் பகுதியாகத் தடவி, இருபது நிமிடம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் எடுத்து, உடனே தண்ணீரில் கழுவினோம். எழுத்துப் பள்ளத்துக்குள் தங்கியதை மூங்கில் குச்சியைச் சீவி அதன் நுனியால் எடுத்தோம். ஒரு சாயங்காலத்தில் ஓரடி நீளம் முடிந்தால் அதிகம். கல்லில் படர்ந்திருந்த பாசியை வெறும் தண்ணீரால் மட்டும் தேய்த்தோம், வராததை விட்டுவிட்டோம்.

சுத்தமான பிறகும் பகல் வெளிச்சத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. மாவு பூசிப் படிக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அந்த மாவு துளைகளில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பதிலாக இருட்டிய பிறகு போனோம். கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல, மிகச் சாய்வாக, ஓரத்திலிருந்து டார்ச் அடித்தால் உளி இறங்கிய பள்ளம் ஒவ்வொன்றிலும் நிழல் விழுகிறது. பகலில் வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் எழுத்து எழும்பி வந்தது. இடமிருந்து அடித்தால் சில கோடு தெரியும், மேலிருந்து அடித்தால் வேறு சில. போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, நாலு பக்கமும் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் படம் எடுத்தோம்.

உச்சியில் ஓர் 'உ' மாதிரி. நாங்கள் இரண்டு என்று படித்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். "அது எண் இல்லை, பிள்ளையார் சுழி. அடுத்த வரியில் இருக்கிற 'யஉ'தான் எண். ௰ என்றால் பத்து, ௨ என்றால் இரண்டு. ஆகப் பன்னிரண்டு" என்றார். அந்த வரி முழுக்க இப்படித்தான். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. பரிதா என்று தொடங்கும் வருடப் பெயரின் கடைசி எழுத்து சிதைந்திருந்தது. அறுபது வருடப் பெயர்களில் 'பரிதா' என்று தொடங்குவது பரிதாபி ஒன்றுதான், அதனால் அதில் சந்தேகம் இல்லை. பரிதாபி வருடம், தை மாதம், 12ஆம் தேதி.

ஆனால் எந்தப் பரிதாபி? அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருமே. 1852, 1912, 1972 மூன்றும் பரிதாபி தொடங்கிய வருடங்கள். 1972 இல்லை, அப்பத்தா சின்ன வயதிலேயே கல்லைப் பார்த்திருக்கிறார். கல்லை வைத்தவரின் பெயர் நாலாம் வரியில் 'உபயம்' என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கிறது. அந்தக் குடும்பத்தார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் 1920களின் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தது. அதில் அதே பெயர், தகப்பன் பெயரோடு. ஆகவே 1912இல் தொடங்கிய பரிதாபிதான். நான் நோட்டில் 1912 என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அடித்துவிட்டு 1913 என்று எழுதினார். சித்திரையில் பிறக்கும் தமிழ் வருடத்தில் தை வரும்போது ஆங்கில வருடம் மாறியிருக்கும். அப்படிப் பார்த்தால் 1913 ஜனவரியின் பிற்பகுதி. கல்வெட்டுத் தேதியை மாற்றும்போது மாதத்தைப் பார்க்காமல் வருடத்தை எழுதிவிடக் கூடாது. பட்டியலை மட்டும் நம்பினால் ஒரு வருடம் தப்பிவிடும்.

மூன்றாம் வரியில் 'பாரியாள்', அதாவது மனைவி என்ற சொல், அதை ஒட்டி அந்தப் பெண்ணின் பெயர், பிறகு 'ஞாபகார்த்தம்'. பெயரை இங்கே எழுத வேண்டாம், கல்லில் இருந்தால் போதும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பெயரை முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த வீட்டுப் பெண் பிள்ளைதான், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கடைசியில் 'துணை' என்ற சொல்லில் ணை பழைய வடிவத்தில், முன்னால் கொம்பு சுழித்து இருந்தது. அவளுக்கு அது புரியவில்லை. 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முன்னால் ணை, லை, னை எல்லாம் அப்படித்தான் எழுதுவோம் என்று ஆசிரியர் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார்.

தோண்டியபோது தெரிந்தது

சாய்ந்த காலைச் சுற்றிப் பள்ளம் எடுத்தோம். ரோட்டுப் பக்கச் சுவரில் ரோட்டின் வரலாறே அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே கிராவல், அதில் கலந்த தார்க் கட்டிகள், கீழே செம்மண், இன்னும் கீழே உடைத்த ஜல்லி, அதற்கும் கீழே கெட்டியான பழைய வண்டித்தடம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ஓரத்தையும் நிரவி உயர்த்தியிருக்கிறார்கள்.

காலின் உடம்பிலும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கல் வெயிலும் மழையும் பட்டு மழுங்கியிருந்தது, கீழே உளிக்கொத்து நேற்றுக் கொத்தியதுபோலக் கூர்மையாக இருந்தது. நட்ட நாளில் மண் எதுவரை இருந்தது என்பதைக் கல்லே காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு இப்போதைய தரைக்கு ஒன்றரை அடி கீழே.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. இந்தச் சுமைதாங்கி இடுப்பு உயரம்தான் இருக்கும். அந்தக் காலத்து மனிதர்கள் குள்ளம் போலிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலின் நீளம் ஆறடி, அதில் இரண்டடி மண்ணுக்குள், நாலடி வெளியே, அதற்குமேல் குறுக்குக்கல் எட்டு அங்குலம். ஆக உச்சி 4 அடி 8 அங்குலத்தில் இருந்திருக்கிறது. தலைச்சுமையை நகர்த்தி வைக்க அதுதான் சரியான உயரம். ரோடு ஒன்றரை அடி ஏறியதால் அது 3 அடி 2 அங்குலமாகக் குறைந்துபோய், சுமையை வைக்க உதவாமல் உட்காரும் திண்டாகிவிட்டது. மனிதர்கள் வளரவில்லை, ரோடுதான் வளர்ந்திருக்கிறது.

இங்கேதான் பெரிய விவாதம். சாய்ந்த காலை எப்படியும் எடுத்து நட வேண்டும். நேராக நிற்கும் காலை என்ன செய்வது? நன்றாக நிற்பதைத் தொடாதே என்பது பழைய பொருளைப் பழுது பார்ப்பதில் முதல் பாடம். அதை அப்படியே விட்டால் உயரம் 3 அடி 2 அங்குலம்தான். இரண்டையும் ஒன்றரை அடி தூக்கி நட்டால், மண்ணுக்குள் அதே இரண்டடி, வெளியே அதே நாலடி. கல்தச்சர் ஐயா ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "வச்சவன் தலச்சுமைக்கு வச்சான். ஒக்கார வச்சிருந்தா திண்ணை கட்டியிருப்பானே" என்றார். தூக்குவது என்று முடிவானது. எனக்கு இதில் இன்றுவரை முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நட்டவர் கொடுத்த உயரத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் நியாயம் என்றே நினைக்கிறேன். பழைய மட்டம், புதிய மட்டம் இரண்டையும் பக்கத்து மதகின் விளிம்பிலிருந்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து அளந்து நோட்டில் பதிந்திருக்கிறோம். நாளைக்கு யாராவது வேறு மாதிரி நினைத்தால் திரும்பப் பழைய மட்டத்துக்கே இறக்கிவிடலாம்.

தூக்கி நட்டது

இரும்புக் குழாய் முக்காலியும், ஒரு டன் வரை சங்கிலியால் தூக்கும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுத்தோம். பெல்ட் நைலான், கல்லின் விளிம்பில் சாக்கு மடித்து வைத்துத்தான் மாட்டினோம். முதல் கால் வழுக்காமல் வந்தது. இரண்டாவதைத் தூக்கிய அன்று முந்தின ராத்திரி கோடை மழை பெய்திருந்தது. மேல்மண் காய்ந்துவிட்டது என்று நினைத்துத் தொடங்கினோம். கல் ஓரடி எழும்பியதும் முக்காலியின் ஒரு கால் மெதுவாகச் சேற்றில் புதைய ஆரம்பித்தது. கல் ஊசலாடி, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டியது. "கீழ எறக்கு, எல்லாரும் தள்ளிப் போங்க" என்று ஐயா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கால் டன் கல் அரை அடி ஆடினாலே கை கால் போய்விடும். அதற்கு அப்புறம் முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த மரப்பலகை, மூன்று கால்களையும் சுற்றி இழுத்துக் கட்டிய சங்கிலி. மழை பெய்தால் இரண்டு நாள் வேலை நிறுத்தம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

பள்ளத்தில் கான்கிரீட் போடவில்லை. பழைய அடித்தளத்தில் என்ன இருந்தது என்று பார்த்தோம். முட்டுக் கொடுத்த உடைகற்கள், இடுக்கில் கிராவல், வேறொன்றுமில்லை. நூறு வருடம் அது தாங்கியிருக்கிறது. கான்கிரீட்டுக்குள் பிடித்து வைத்த கல்லில் வண்டி இடித்தால், கல் சாய்வதற்குப் பதில் தரையோடு முறிந்துவிடும். இந்தக் கால் சாய்ந்து பிழைத்ததே மண்ணில் நட்டிருந்ததால்தான். அதே உடைகற்களையே திரும்பவும் போட்டோம். தூக்கிய ஒன்றரை அடிக்குக் கீழே பெரிய கற்களை அடுக்கி இடித்து மேடை ஆக்கி, அதன்மேல் காலை நிறுத்தி, நாலு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, ஆறு அங்குலத்துக்கு ஓர் அடுக்காகக் கல்லும் கிராவலும் போட்டுக் கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் இடித்தோம். ஐயா ஒவ்வோர் அடுக்கிலும் குச்சியைக் குத்திப் பார்ப்பார். குச்சி இறங்கினால் மறுபடி இடிக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் மூன்று நாள் ஆனது.

காலின் தலையில் இரண்டு அங்குல உயரத்துக்கு முளை செதுக்கியிருக்கிறது. குறுக்குக்கல்லின் அடியில் அதற்கு நேராகக் குழி. ஒரு முளை இடித்ததில் ஒடிந்துபோயிருந்தது. ஒடிந்த துண்டை வாய்க்கால் சேற்றில் பசங்கள் துழாவி எடுத்துவிட்டார்கள். அதை ஒட்ட, இரண்டு பக்கமும் துளையிட்டு நடுவில் 12 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்து எபாக்சிப் பசையால் நிரப்பினோம். சாதாரணக் கட்டுக்கம்பி இங்கே கூடவே கூடாது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கோயில் தூண்களில் அப்படிப் பிளந்ததை ஐயா நிறையப் பார்த்திருக்கிறார். துளை போடும்போது டிரில்லை அதிர்வு இல்லாத சுழற்சியில் மட்டும் வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே போனோம். துளைக்குள் தூசி இருந்தால் எபாக்சி பிடிக்காது என்பதால் சைக்கிள் பம்பால் ஊதிச் சுத்தம் செய்தோம்.

எபாக்சி முளையோடு நின்றுவிட்டது. குறுக்குக்கல்லைக் காலோடு ஒட்டவில்லை. அதை முளையில் உட்காரவைத்து, இடைவெளியில் மட்டும் சுண்ணாம்புக் காரை வைத்தோம். இரண்டு வாரம் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரைப் பங்கு. முதலில் வைத்த காரை ஒரே நாளில் வெடித்துவிட்டது. சித்திரை வெயிலில் மூடாமல் விட்டதுதான் காரணம். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்து, ஈரச் சாக்கு சுற்றி, பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். சிமெண்டாக இருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் காரை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். எது உடைந்தாலும் காரை உடையட்டும், கல் உடையக் கூடாது.

பக்கத்தில் என்ன எழுதுவது

விவரப் பலகை வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அதில் என்ன எழுதுவது என்பதில்தான் பத்து நாள் ஓடியது. நான் எழுதிய முதல் வரைவு இது: 'கர்ப்பிணியாக இறந்த தன் மனைவியின் நினைவாகக் கணவர் 1913ஆம் ஆண்டு நட்ட சுமைதாங்கி.' படிக்க நன்றாக இருந்தது. ஆசிரியர்தான் கேட்டார், "கர்ப்பிணி என்று கல்லில் எங்கே இருக்கிறது?" இல்லை. கல் சொல்வது பாரியாள், ஞாபகார்த்தம், உபயம், தேதி. மற்றது வீட்டாரும் அப்பத்தாவும் சொன்னது. அதை நாங்கள் நம்புகிறோம். ஆனாலும் கல் சொன்னதும் ஊர் சொன்னதும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால், பின்னால் வருகிறவரால் பிரித்துப் பார்க்க முடியாது. கடைசியில் இப்படி வைத்தோம்:

'இது சுமைதாங்கி. தன் மனைவியின் நினைவாக ஒருவர் 1913 தை மாதம் நட்டது என்று கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தார் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். தலைச்சுமையைத் தனியாக இறக்கி ஏற்றுவதற்கு ஏற்ற உயரம் இது. சாலை உயர்ந்ததால் கற்கள் அதே இடத்தில் ஒன்றரை அடி உயர்த்தி நடப்பட்டன. பெயிண்ட் அடிக்க வேண்டாம், எதுவும் ஒட்ட வேண்டாம்.'

பணம் கொடுத்தவர்கள், உழைத்தவர்கள் பெயரைப் போட வேண்டும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நினைவுக்கல்லில் ஒரு பெண்ணின் பெயர் ஒன்றரை அங்குல எழுத்தில் இருக்க, பக்கத்துப் பலகையில் இருபது பேர் பெயர் அதைவிடப் பெரிதாக இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெயர்கள் எல்லாம் ஊராட்சி நோட்டில் இருக்கின்றன.

பலகையைத் தகரத்தில் செய்யவில்லை. சரிவாகச் செதுக்கிய சின்னக் கருங்கல்லில், எழுத்தைப் பள்ளமாக வெட்டினோம், உயரம் முழங்கால் அளவு. சுமைதாங்கியிலிருந்து ஐந்தடி தள்ளி, அதை மறைக்காத பக்கம். எழுத்துக்கு மேலே ஒரு கோட்டுப் படமும் இருக்கிறது. தலையில் கட்டோடு ஒரு பெண், குறுக்குக்கல்லுக்கு நேராக. இந்த யோசனை தர்மபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல் என்ற பழைய தூரக் கல்லிலிருந்து வந்தது. நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுத்தில் சொன்னவர்கள், இருபதுக்கு இரண்டு பெரிய குழி, ஒன்பதுக்கு ஒன்பது சின்னக் குழி என்றும் அதே கல்லில் வெட்டி வைத்தார்கள். படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் விரல் விட்டு எண்ணித் தெரிந்துகொள்ளலாம். வழியில் நிற்கும் கல் எல்லாரிடமும் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ரோட்டுப் பக்கம் இரண்டு காவல் கல் நட்டு, அவற்றில் மட்டும் வெள்ளையும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வைத்தோம். பின்னால் வரும் லாரியின் விளக்கில் முதலில் அவைதான் தெரியும், இடித்தாலும் முதலில் அவைதான் வாங்கும். சுமைதாங்கியில் ஒரு புள்ளிகூடப் பெயிண்ட் இல்லை.

வைகாசி கடைசியில் முக்காலியைப் பிரித்தோம். மாதம் ஒரு முறை தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கிறேன். மேற்குக் கால் முதல் மாதத்தில் 3 மில்லிமீட்டர் வயல் பக்கம் போனது, இரண்டாம் மாதம் அசையவில்லை. கிழக்குக் கால் நட்ட இடத்திலேயே நிற்கிறது. காரையில் முடி அளவு விரிசல் ஒன்று, அதன் இரு முனையிலும் பென்சிலால் தேதி குறித்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மண் இறுகிய பிறகு அடுத்த அளவு எடுக்க வேண்டும்.